கோசம்பரியும் அவித்த கடலையும்

ஊறிய பாசிப்பருப்புடன் பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், கொத்தமல்லி, பச்சைமிளகாய் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் கோசம்பரி. மைசூர் கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் வந்துவிடும். ராமநவமியன்று பானகம், நீர்மோரோடு தெருப்பந்தல்களில் வருவோர்க்கெல்லாம் வழங்கப்படும். அடுப்பு தேவைப்படுவது தாளிப்புக்கு மட்டுமே.

இலங்கையில் பயறோ கடலையோ வேகாமல் தட்டுக்கு வருவது அரிது. முழுக் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, மறுநாள் உப்பிட்டு அவித்து, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டு போட்டுத் தாளிப்பார்கள். கொழும்பு காலிமுகத்திடலின் தள்ளுவண்டிகளிலும், வெசாக் காலத்தில் இலவசமாக உணவு வழங்கும் தன்சல்கள் சிலவற்றிலும், யாழ்ப்பாணத்து நவராத்திரிப் படையலிலும் இதுவே. பச்சையாக உண்ணப்படுவது அங்கே கீரை: வல்லாரையை மயிரிழையாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசையும் சம்பல். பலர் மாசிக் கருவாடும் இடுவர். மைசூரிலோ கீரை பெரும்பாலும் வெந்து பல்யா என்னும் பொரியலாகிறது; பருப்புதான் பச்சை.

இந்த வேறுபாட்டுக்குத் தோல் ஒரு காரணம். தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பு ஒரு மணி நேரத்தில் மென்மையாகிவிடும். கடலைப்பருப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். தோலுள்ள முழுக் கடலை எட்டு மணி நேரம் ஊறினாலும் வேகாமல் மெல்வது கடினம்.  ராஜ்மாவையோ எவ்வளவு ஊறினாலும் கோசம்பரிபோல் பச்சையாகக் கலக்கவே கூடாது. அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சு, நன்கு கொதித்தால்தான் அழியும்.

பழத்திலும் வழக்கம் வேறு. மைசூரில் பங்குனி, சித்திரையில் துருவிய மாங்காயும், மற்ற நாட்களில் மாதுளை முத்தும் பருப்போடு கலக்கும். இலங்கையர் அன்னாசியையும் மாங்காயையும் உப்பு, மிளகாய்த்தூள் தூவித் தனியே உண்பார்கள். கடலைச் சட்டிக்குள் பழம் நுழைவது அரிது. தானியமும் அப்படியே: சம்பல் சிவப்பரிசிச் சோற்றுக்குத் துணை, அதனுள் கலப்பதில்லை. மைசூரில் வேகவைத்து ஆறவைத்த தினையைக் கோசம்பரியில் சேர்ப்பது அண்மைக்காலப் புதுமை. உதிரியாக வெந்தால் நன்றாயிருக்கும்; குழைந்தால் பொங்கல்தான். தினையும் பருப்பும் சேரும்போது புரதம் நிறைவு பெறுகிறது. எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்புச் சத்தை உடல் ஏற்கத் துணைசெய்கிறது. தேசிக்காய் பிழிந்த வல்லாரைச் சம்பலுக்கும் இது பொருந்தும்.

கோசம்பரிக்கு உப்பும் எலுமிச்சையும் பரிமாறும் தறுவாயில்தான். முன்பே இட்டால் வெள்ளரி நீர் விட்டுவிடும். பச்சைத் தேங்காயும் வெயிலில் சீக்கிரம் கெடும். அதனால் கோசம்பரி வீட்டிலும் பந்தலிலும் கலந்தவுடன் தீர்கிறது. அவித்துத் தாளித்த கடலையோ வண்டியில் மாலை முழுவதும் விலைபோகும்.