முதல் கேமிங் பிசி: ரெடிமேடா, அசெம்பிளா?

முதன்முறையாக கேமிங் பிசி வாங்கப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கட்டி வைத்த சிஸ்டத்தை அப்படியே வாங்கிவிடலாமா, பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்யலாமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் பொறுமையாக நிற்க விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால் சொந்தக் கையால் அசெம்பிள் செய்யுங்கள். அப்படி ஆள் இல்லையென்றால், என்னென்ன பார்ட் என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டு, அசெம்பிள் செய்யும் வேலையை மட்டும் கடைக்காரரிடம் விடுங்கள். ரெடிமேடு சிஸ்டம்தான் வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பார்ட்டின் மாடலையும் எழுதித் தருகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

இரண்டு மெஷின்களை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஒன்று, அக்கா மகனுக்காக நானும் அவனும் சேர்ந்து அசெம்பிள் செய்தது. மற்றது, கிட்டத்தட்ட அதே பட்ஜெட்டில் நண்பர் ஒருவர் தன் மகளுக்கு வாங்கிய ரெடிமேடு. மானிட்டர் சேர்க்காமல் இரண்டுமே ஒரு லட்சத்தை ஒட்டி வந்தன.

ரெடிமேடு பார்க்க அழகாக இருந்தது. முன்பக்கமும் பக்கவாட்டிலும் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கோடு சுழலும் ஃபேன்கள். பெட்டியைப் பிரித்து, வயரைச் செருகி, அரை மணி நேரத்தில் அந்தப் பெண் விளையாட உட்கார்ந்துவிட்டாள். இந்த வசதி சாதாரணமானதல்ல. கணினியைத் திறந்தே பார்த்திராத வீட்டில், ஏதாவது என்றால் கூப்பிட ஒரே ஒரு போன் நம்பர் இருப்பது பெரிய நிம்மதி.

பக்கக் கண்ணாடியைக் கழற்றியபோதுதான் பணம் எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. பிராசசர் இன்டெல் ஐ5-12400எஃப். 2022 ஜனவரியில் வந்த, இன்றைக்கும் குறை சொல்ல முடியாத சிப். கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தவை இவை இரண்டும்தான். மதர்போர்டு எச்610: இன்டெல் அந்த வரிசையில் வைத்திருக்கும் கடைநிலை சிப்செட், ராமுக்கு இரண்டே ஸ்லாட். அந்த இரண்டில் ஒன்று காலி. அதாவது, 16 ஜிபி என்பது ஒரே ஸ்டிக். இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டிருந்தால் பிராசசருக்கும் ராமுக்கும் நடுவே இரண்டு வழி திறந்திருக்கும். இப்போது பாதி வழி அடைபட்டுக் கிடக்கிறது. வாலரன்ட் விளையாடும்போது இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. சைபர்பங்க் 2077 மாதிரி நெரிசலான நகரத்தில் வண்டியை வேகமாக ஓட்டும்போது, படம் ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று ஒரு கணம் திக்குகிறது. சராசரி எஃப்பிஎஸ் எண்ணைப் பார்த்தால் தெரியாது, கண்ணுக்குத் தெரியும்.

பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் மேல் ‘600 வாட்’ என்று ஒரு ஸ்டிக்கர். மாடல் நம்பர் இல்லை, ‘80 ப்ளஸ்’ முத்திரையும் இல்லை. இது ஒன்றுக்காக மட்டுமே அந்த மெஷினை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்ற எந்த பார்ட் கெட்டாலும் அதோடு முடிந்துபோகும். மோசமான எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடும். மின்சாரம் ஏறியும் இறங்கியும் வருகிற ஊரில் இதில் கை வைத்துச் சிக்கனம் செய்யவே கூடாது. ‘80 ப்ளஸ் பிரான்ஸ்’ முத்திரை இருந்தாலும் அது சொல்வது, எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான். ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் வந்தால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமா என்று அந்த முத்திரை உறுதி தராது. அதனால் மாடல் பெயரைத் தேடி, ஐந்து வருடமாவது வாரன்டி தருகிற எஸ்எம்பிஎஸ்ஸை எடுங்கள்.

இனி எங்கள் மெஷின். சென்னையில் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. அங்கே ஏதாவது ஒரு கடையில் ‘ஒரு லட்சத்துக்கு கேமிங் சிஸ்டம்’ என்று சொன்னால், டீ ஆறுவதற்குள் கொட்டேஷன் கைக்கு வந்துவிடும். பிராசசரும் கார்டும் முழுப் பெயரோடு இருக்கும், ஏனென்றால் வருகிறவர்கள் விசாரிப்பது அவற்றைத்தான். கீழே போகப் போகப் பெயர்கள் தேய்ந்துகொண்டே வரும். ‘ராம் 16 ஜிபி’: எத்தனை ஸ்டிக், என்ன வேகம்? ‘எஸ்எஸ்டி 1 டிபி’: சாட்டாவா, என்விஎம்இயா? ‘எஸ்எம்பிஎஸ் 650 வாட்’: யாருடையது? கார்டு வரியிலும் கண் வேண்டும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் இருக்கிறது, 16 ஜிபியும் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யும் அப்படியே. ஜிபி எழுதாத கொட்டேஷன் என்றால் அது 8 ஜிபி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ ஃபுல் எச்டியிலேயே உச்ச செட்டிங்கில் 8 ஜிபி கார்டுகளைத் திணறடித்தது. அதற்குப் பிறகு வரும் பெரிய கேம்கள் இன்னும் அதிகமாகத்தான் கேட்கின்றன.

நாங்கள் எடுத்தது: ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5 6000 வேகத்தில் இரண்டு 8 ஜிபி ஸ்டிக், 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 1 டிபி என்விஎம்இ, பெயருள்ள 650 வாட் எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் வலை போட்ட கேபினட். இதைவிட மலிவான 7500எஃப் சிப்பை எடுக்காததற்குக் காரணம் உண்டு. 7600-க்குள் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் இருக்கிறது. கேம் ஓட்ட அது போதாது. ஆனால் கார்டை வாரன்டிக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும்போது, பையன் அசைன்மென்ட் டைப் செய்ய கணினி ஓடும். போர்டு விஷயத்தில் இன்னொரு கணக்கு: ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலாவது ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றினால் போதும்.

அசெம்பிள் செய்வதில் பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: சாக்கெட். ஏஎம்5-இல் பின்கள் போர்டில் இருக்கின்றன. தலைமுடி மாதிரி மெல்லியவை, விரல் பட்டாலே வளைந்துவிடும். சிப்பின் மூலையில் இருக்கும் முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, மேலிருந்து நேராக வைத்து, கையை எடுத்துவிட வேண்டும். அழுத்தவே கூடாது. லிவரை மூடும்போது கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வெளியே வரும். அதைக் குப்பையில் போடாமல் போர்டு பெட்டிக்குள் வையுங்கள். நாளைக்குப் போர்டை வாரன்டிக்குக் கொண்டுபோனால் சாக்கெட் மூடியைக் கேட்பார்கள். ராம் ஸ்டிக்குகள், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். கூடவே வந்த கூலரின் நான்கு திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். மீதி எல்லாம் கேபிள் வேலை. அதில் கேபினட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் குட்டி வயர்கள்தான் நேரம் தின்பவை. போர்டு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செருகினால் சரியாகிவிடும்.

முதல் முறை ஆன் செய்தபோது ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டில் ராம் பக்கத்து ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“மாமா, ஏதோ போயிடுச்சு போல” என்றான், கை சுவிட்சுக்குப் போனது.

“தொடாதடா. ராமைப் பழகிக்கிட்டிருக்கு. கொஞ்ச நேரம் அப்படியே விடு.”

டிடிஆர்5 போர்டுகள் முதல் தடவை ராமைச் சோதித்து அமைத்துக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும். இது தெரியாமல் பாதியில் அணைத்துவிட்டு, போர்டு போய்விட்டது என்று கடைக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். விளக்கு அணைந்தது, திரை வந்தது. பயாஸில் பார்த்தால் ராம் 4800-இல் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்போ என்ற செட்டிங்கை ஆன் செய்த பிறகுதான் காசு கொடுத்து வாங்கிய 6000 கிடைத்தது. கூடவே செக்யூர் பூட், டிபிஎம் இரண்டும் ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் வாலரன்ட் இவை இல்லாமல் திறக்காது. மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கிலும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். நண்பர் வீட்டு ரெடிமேடில் அது 60-இல்தான் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்ததும் மௌஸை அசைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

விளையாட்டில் எங்கள் மெஷின் எப்படி? ஃபுல் எச்டியில், ரே ட்ரேசிங் இல்லாமல், உச்ச செட்டிங்கில் சைபர்பங்க் 90 எஃப்பிஎஸ்ஸுக்கு மேலேயே நின்றது. ரெடிமேடில் பார்த்த திக்கல் இதில் இல்லை. ஏசி போடாத அறையில் பிராசசர் 85 டிகிரியை ஒட்டிப் போனது. அதன் எல்லை 95. கூடவே வரும் கூலர் சென்னை வெயிலைத் தாங்குகிறது, ஆனால் சத்தம் போடுகிறது. பட்ஜெட்டில் இடமிருந்தால் நான் முதலில் மாற்றுவது அதைத்தான். முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினட்டை நம் ஊர் வெயிலுக்கு வாங்காதீர்கள். காற்று போக வழியே இல்லை.

பில் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ‘கேமிங் பிசி – 1’ என்று ஒரே வரியில் போட்ட பில்லை வைத்துக்கொண்டு, கார்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நின்று வாதாட முடியாது. ஒவ்வொரு பார்ட்டும் தனி வரியாக, சீரியல் நம்பரோடு, ஜிஎஸ்டி பில்லில் வர வேண்டும். 18 சதவீத வரி எப்படியும் நீங்கள் கட்டுவதுதான். ‘பில் இல்லாமல் குறைச்சு தர்றேன்’ என்ற பேச்சுக்கு மயங்கினால், மூன்று வருட வாரன்டியை விற்றுவிட்டதாக அர்த்தம். கடையில் அசெம்பிள் செய்யச் சொன்னாலும், காலிப் பெட்டிகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, பரணில் போட்டு வையுங்கள்.

தென்காசியிலோ பட்டுக்கோட்டையிலோ இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். பார்ட் வாரியாக வாங்கினால், வாரன்டி என்று வரும்போது போர்டு ஒரு ஊருக்கும் கார்டு இன்னொரு ஊருக்கும் கூரியரில் போக வேண்டியிருக்கும். வீட்டுக்கே ஆள் அனுப்புகிற ரெடிமேடுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது அங்கே நியாயம்தான். போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சாதாரண ஏடிஎக்ஸ் அளவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில பெரிய பிராண்டுகள் தங்களுக்கென்று தனி வடிவத்தில் செய்துவைத்திருப்பார்கள். பின்னால் வெளியில் வாங்கி மாற்றவே முடியாது.

படிப்புக்கும் ஆகும் என்று லேப்டாப் பக்கம் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4070-இல் 8 ஜிபிதான், டெஸ்க்டாப் 4070-இல் 12 ஜிபி. பெயர் ஒன்று, சிப் வேறு.

யூபிஎஸ்ஸுக்கும் பணம் ஒதுக்குங்கள். கடைகளில் சகஜமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். எங்கள் மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது 300 வாட்டை ஒட்டி இழுக்கிறது. மானிட்டரையும் சேர்த்தால் அந்த யூபிஎஸ்ஸுக்கு மூச்சு முட்டும். 1 கேவிஏ எடுத்தால் கேமைச் சேவ் செய்து அணைக்க அவகாசம் கிடைக்கும்.

ராம் விலைதான் இப்போது எல்லாக் கணக்கையும் குழப்புகிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டு விற்பனையை நிறுத்திக்கொள்ளப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. பழைய விலைக்கு ராம் எடுத்து வைத்திருக்கும் கம்பெனியின் ரெடிமேடு, இந்த நேரத்தில் நாம் பார்ட் பார்ட்டாக வாங்குவதைவிட மலிவாகவே வரலாம். ஆகையால் கொட்டேஷன் ஒன்றையும் ரெடிமேடு விலை ஒன்றையும் ஒரே நாளில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன வாரக் கொட்டேஷன் இந்த வாரம் செல்லாது. ரெடிமேடு பத்தாயிரம் குறைவாக இருந்து, எஸ்எம்பிஎஸ் மாடலையும் அவர்கள் எழுதித் தந்தால், நானே அதைத்தான் எடுப்பேன்.