லூ கிராமத்துத் தாய்மாரும் 323 என்ற எண்ணும்

இறையழைத்தல் ஞாயிறு நெருங்கினால் மறையுரையிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு இத்தாலியக் கிராமத்தின் கதை கட்டாயம் வந்துவிடும். ஊர் பெயர் லூ. வடமேற்கு இத்தாலியின் மொன்ஃபெராத்தோ மலைப்பகுதியில் இருக்கிறது, திராட்சை விளையும் பூமி. 1881இல் அங்கே சில தாய்மார் செவ்வாய்க்கிழமைதோறும் நற்கருணை முன்னால் கூடி, தங்கள் பிள்ளைகளில் குருக்கள் உருவாக வேண்டும்னு செபித்தார்கள். பலன் 323 அழைத்தல்கள். குருக்களும் ஆண் துறவியருமாக 152 பேர், அருள்சகோதரிகள் 171 பேர். 2007இல் வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் வெளியிட்ட கையேடு ஒன்றுதான் இந்தக் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இது பொய்க் கதை இல்லை. அந்த 323 பேரில் பெரும்பாலோர் 1946 செப்டம்பரில் சொந்த ஊரில் ஒன்றுகூடி எடுத்துக்கொண்ட போட்டோ இருக்கிறது. என் விமர்சனம் கதை சொல்லப்படுகிற விதத்தைப் பற்றியது. செபம் உள்ளே போனது, 323 வெளியே வந்தது என்று ஒரு ஃபங்ஷன் மாதிரி சொல்கிறார்கள். தேதிகளை வரிசையா அடுக்கிப் பார்த்தால் அது அப்படி ஓடவில்லை.

லூவின் பிள்ளைகளில் மிகப் பிரபலமானவர் பிலிப் ரினால்டி. தொன் போஸ்கோவுக்குப் பின் சலேசிய சபையின் மூன்றாவது தலைவர், 1990இல் அருளாளர் பட்டம் பெற்றவர். 1856இல் பிறந்த அவர் சபையில் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தது 1880இல், குருவானது 1882இல். தாய்மார் கூட ஆரம்பித்தபோது அவர் ஏற்கெனவே துறவி! கதையின் முதல் உதாரணமே காரணத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது.

அப்போ 1881க்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? 1863இல் தொன் போஸ்கோ, தூரின் நகருக்கு வெளியே தன் முதல் இல்லத்தை லூவுக்குப் பக்கத்து ஊரான மிராபெல்லோவில் தொடங்கினார். அது ஒரு சிறு குருமடம். கிராமத்துப் பையன் படிக்க நடந்து போகிற தூரம். 1872இல் அதே வட்டாரத்தின் மொர்னேசேயில் மரிய மசரெல்லோவோடு சேர்ந்து பெண்களுக்கான சபையும் தொடங்கினார். ஆக ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் போவதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது. தொன் போஸ்கோ லூவுக்கு நான்கு முறை வந்தார் என்று கையேடே சொல்கிறது. கைமாறிக் கைமாறி வரும் சுருக்கங்களில்தான் அந்த வரி காணாமல் போகிறது.

ரினால்டியின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பத்து வயதில் மிராபெல்லோவில் சேர்ந்தவர் பாதியிலேயே வீடு திரும்பிவிட்டார். தொன் போஸ்கோ கடிதம் எழுதினார், நேரில் வந்தும் கூப்பிட்டார். பையன் அசையவில்லை. கடைசியில் 1877இல், 21 வயதில், தானாக முடிவெடுத்துப் போனார். இத்தனை வருஷம் கூப்பிட்டவர் ஒருநாளும் கட்டாயப்படுத்தவில்லை. ஊக்குவிப்பது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே பியத்மோந்தில் இன்னொரு ஊர் இருக்கிறது. காஸ்தெல்நுவோவோ. கஃபாஸோ, தொன் போஸ்கோ, அல்லமானோ என மூன்று புனிதர்கள் பிறந்த ஊர். கஃபாஸோ இளம் போஸ்கோவுக்கு வழிகாட்டினார். போஸ்கோவின் இல்லத்தில் படித்த அல்லமானோ, கஃபாஸோவின் சகோதரி மகன். ஒருவர் அடுத்தவரைக் கண்டுபிடித்துக் கைபிடித்துக் கூட்டிப்போன சங்கிலி இது.

அப்படியானால் தாய்மாரின் செபம் வீணா? நிச்சயமா இல்லை. அந்தச் செபத்தைக் கவனித்துப் படித்தால் அதில் இரண்டு பாதி இருக்கிறது. என் பிள்ளைகளில் ஒருவன் குருவாக வேண்டும் என்பது முதல் பாதி. அதற்காக நான் நல்ல கிறிஸ்தவளாக வாழ்வேன், பிள்ளைகளை நல்வழியில் நடத்துவேன் என்பது இரண்டாவது. கேட்கிறவளே தன்மேல் ஒரு கடமையை ஏற்றிக்கொள்கிற செபம் இது. வீட்டில் இப்படி ஒரு சூழல் இருந்ததால்தான் பிள்ளை கிளம்புகிறேன்னு சொன்னபோது யாரும் வாசலை மறிக்கவில்லை. கையேடும் இதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. ஆனா கேட்பவர் மனதில் நிற்பது எண் மட்டும்.

இதை நான் வெறும் டேட்டா பிழையாகப் பார்க்கவில்லை. 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கிய இறையழைத்தல் செப நாளில் நாமும் வருஷாவருஷம் செபிக்கிறோம். ஆண்டவரே, அறுவடைக்கு ஆட்களை அனுப்பும் என்கிறோம். அந்த 'ஆள்' பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பையன். நம்ம பையனுக்கு கேம்பஸ் இன்டர்வியூ இருக்கே! லூவின் தாய்மார் 'என் பிள்ளை' என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். பல பிள்ளைகள் இருந்த வீடுகள் அவை. ஒன்றோ இரண்டோ பிள்ளை உள்ள இன்றைய தாயிடம் அந்த 323ஐக் காட்டி, நீங்க சரியா செபிக்கலை என்கிற தொனியில் பேசுவது நியாயமில்லை. அவள் கேட்பதற்கு முன்னால், பங்குத்தந்தை கடைசியாக எப்போது ஒரு பையனோடு உட்கார்ந்து அவன் கேள்விகளைக் கேட்டார் என்று பங்கு தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம்.

1906இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசியர்கள் வழியாக லூவின் அந்தச் சூழலில் ஒரு பகுதி நமக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் கதையைத் தொடர்ந்து சொல்வோம். கூடவே மிராபெல்லோ பள்ளியையும், பல வருஷம் மாட்டேன்னு சொன்ன அந்தப் பையனையும், செபத்தின் இரண்டாவது பாதியையும் சேர்த்தே சொல்வோம்.