மார்பில் வாங்கிய புண்

புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் கிழவியை எண்பதுகளில் ஈழப் போராட்டத்துக்காக நம்மூர் மேடைகள் படாதபாடு படுத்தின. மகன் புறமுதுகிட்டான் என்ற பேச்சு காதில் விழ, நிஜமென்றால் பால் தந்த முலையை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டுகிறாள். சிதைந்து கிடப்பவனைக் கண்டதும் பெற்ற நாளைவிடப் பூரிக்கிறாள். யாருக்காகச் சண்டை, எதிரே செத்தவன் யார்? கேள்வியே கிடையாது. புண் முன்னாலா பின்னாலா, அவ்வளவுதான் விசாரணை. வீரம், பிறர் சரிபார்க்கிற உடம்பு அடையாளமாகச் சுருங்கிவிடுகிறது.

புளொட்டிலிருந்து வெளியேறியவர்களில் ஒருவரான கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இல் வந்தது. எதிரி ராணுவத்தைப் பற்றி எழுதியிருந்தால் கைதட்டல் நிச்சயம். அவர் எழுதியது, தமிழ்நாட்டு முகாம்களுக்குள் தோழர்களைத் தோழர்களே சந்தேகத்தின் பேரில் வதைத்ததை, கொன்றதை. கலைத்தரம் போதாது என்று ஒற்றை வரியில் முடித்துவிடலாம். பல இடங்களில் நடை துண்டறிக்கை மாதிரிதான், மறுக்கவில்லை. ஆனால் விடுதலைக்கென்று வீட்டைவிட்டு வந்த ஒருவன், பக்கத்து அலறலைக் கேட்டுக்கொண்டே எப்படித் தூங்கினான் என்ற இடத்துக்கு அந்தப் பிரதி என்னை இழுத்துப் போகிறது. அங்கே புண் மார்பிலும் இல்லை, முதுகிலும் இல்லை.

தன்னையறிதல் என்றாலே நமக்குத் தியானம், திருவண்ணாமலை. (இடதுசாரிகளுக்கோ அது குட்டி முதலாளித்துவ வியாதி.) ராஜனி திராணகமவிடம் இரண்டும் எடுபடாது. ஆரம்பத்தில் புலிகளின் ஆதரவாளராக இருந்தவர். சக ஆசிரியர்கள் மூவரோடு ஆங்கிலத்தில் எழுதிய 'முறிந்த பனை'யில் இந்திய அமைதிப்படையின் அட்டூழியமும் இயக்கங்களின் கொலைகளும் அடுத்தடுத்து வருகின்றன. அதற்கும் மேலாக, சமூகமாக "நாம்" என்ன செய்தோம், எதற்கு வாய்மூடி இருந்தோம் என்பதும். எனக்கு அந்த "நாம்" முக்கியம். தன்னை வெளியே நிறுத்திக்கொண்டு குற்றப்பத்திரிகை வாசிப்பது சுலபம். அந்தப் பட்டியலுக்குள் தானும் நின்று எழுதுவதற்கு வேறொரு தைரியம் வேணும். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். பிற்பாடு கோவிந்தனும் புலிகளின் பிடியில் காணாமல் போனார்.

இப்போது இவர்களுக்கும் நடுகல் நட ஆரம்பித்துவிட்டோம். படம் திறக்கிறோம், நினைவுக்கூட்டம் போடுகிறோம். அதே கூட்டத்தில் நம்முடைய அமைப்புக்குள் ஒருத்தரை ஓரங்கட்டி வெளியேற்றினோமே, அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "இது அதுக்கான இடமில்லை, தோழர்" என்கிறோம்.