வளையத்தைத் திருப்பும் விரல்
ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகையில், சாம்பிராணிப் புகைக்குள் தானியங்கிக் குவியம் தடுமாறி லென்ஸை முன்னும் பின்னும் அலைய விடும். கையால் குவிக்கும் லென்ஸில் எதைத் தெளிவாக்குவது என்பதை மனிதரே முடிவு செய்கிறார். அதன் உயர்வு அங்கேதான். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4இல் திறந்து, இரண்டு மீற்றரில் நிற்கும் முகத்தை எடுத்தால், தெளிவின் ஆழம் 5 செ.மீ.கூட வராது. கண்ணா, தோடா? இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. 2013இல் வந்த சைஸ் ஓட்டஸ் 55 மி.மீ. லென்ஸின் வளையம் அரைவட்டத்துக்கும் மேல் சுழல்வது இந்த நுட்பத்துக்காகத்தான். தானியங்கி லென்ஸ்கள் பலவற்றில் வளையம் மோட்டருக்குக் கட்டளை அனுப்புவதோடு சரி. திருப்பும் வேகம் மாறினால் தூரமும் மாறிவிடும்.

கண்ணைத் தானே கண்டு தொடரும் கமெராக்கள் இருக்க ஏன் இந்தப் பாடு எனலாம். வெள்ளவத்தைக் கலியாண மண்டபத்தில் ஓடும் குழந்தையை எடுக்க அவையே சிறந்தவை, மறுக்கவில்லை. ஆனால் வீடியோவில் தாலியிலிருந்து தாயின் முகத்துக்குத் தெளிவு எப்போது, எவ்வளவு மெதுவாக நகரவேண்டும் என்பதை அவை அறியா. ஓட்டஸ் போன்ற லென்ஸ்களின் விலை அதிகம் என்பதும் உண்மையே. ஆயினும் உள்ளே மோட்டர் இல்லாத, உலோக மரையில் ஏறியிறங்கும் பழைய லென்ஸ்கள் பல, ஓர் அடாப்டரோடு இன்றைய கமெராவிலும் படம் எடுக்கின்றன.