கல்லறைத் திருநாளும் நான்காவது நிபந்தனையும்

மகாளய அமாவாசையன்று தாமல் பக்கத்து ஆட்கள் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி, சர்வதீர்த்தக் குளக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார்கள். போனவர்களுக்கு இருப்பவர்கள் செலுத்த வேண்டிய கடன் ஒன்று உண்டு என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதற்குச் சில வாரங்கள் கழித்து வருவது நவம்பர் 2, கத்தோலிக்கரின் கல்லறைத் திருநாள். தமிழ்நாட்டில் அது இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு ரோமாபுரியைவிட இந்த மண்ணின் பழக்கமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருக்கும். முதல் நாளே புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்த கல்லறையின் மேல் சாமந்தியைப் பரப்பி, காற்றுக்கு அணையாதபடி மெழுகுவத்தியைச் சுற்றித் தகர டப்பாவை நிறுத்திவிட்டு, குடும்பமே காத்திருக்கும். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாக வருவார். நம் கல்லறைக்கு வந்து மந்திரித்தால்தான் பலன் என்பது பெரும்பாலோர் நம்பிக்கை.

திருச்சபையின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளிலும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், இறந்தோருக்காக மனத்துக்குள் வேண்டிக்கொண்டாலே போதும். வழக்கமான நிபந்தனைகளோடு பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, உண்டு. நவம்பர் 2 அன்று கோயிலுக்குப் போய்ப் பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொன்னாலும் உண்டு. இந்தப் பலனைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது, உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு (மரணத்துக்குப் பின் தூய்மை பெறும் ஆன்மாக்களுக்கு) மட்டுமே ஒப்புக்கொடுக்கலாம் என்பதுதான் இதன் அழகு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, சாமியார் எட்டிப் பார்க்காத மூலைக் கல்லறையில் நின்று செய்யும் வேண்டுதலுக்கும் பேராலயத்து ஆடம்பரப் பூசைக்கும் இந்த விஷயத்தில் ஒரே மதிப்பு. கொரோனா பரவிய 2020இல் நவம்பர் மாதம் முழுவதற்கும் இதை நீட்டித்ததோடு, வெளியே வர முடியாத முதியோரும் நோயாளிகளும் வீட்டிலிருந்தே பெறலாம் என்றும் வத்திக்கான் அறிவித்தது. இறுகிப்போன சடங்காக இருந்திருந்தால் இந்த நெகிழ்வுக்கு இடமிருந்திருக்காது.

குறை கணக்கில்தான் தொடங்குகிறது. பழைய ஜெபப் புத்தகங்களில் மன்றாட்டின் அடியில் ‘300 நாள் பலன்’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஆதித் திருச்சபையில் அத்தனை நாள் செய்த தவத்துக்கு ஈடு என்பது அதன் பொருள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் தண்டனை குறையும் என்றே சனங்கள் எடுத்துக்கொண்டார்கள். 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்த நாள் கணக்கை ஒழித்தார். ஆனால் நாளுக்கு ஒரு பரிபூரண பலன்தான் என்ற விதி இருக்கிறது. எட்டு நாளும் போனால் எட்டு என்று விரல் விட்டு எண்ணுவது நிற்கவில்லை. இறந்தவர்களைப் பொறுத்தவரை இது கடவுளிடம் வைக்கும் வேண்டுகோள் மட்டுமே, கையில் வாங்கிய ரசீது இல்லை.

பணத்தின் கதை இன்னும் பழையது. புனித இராயப்பர் பேராலயம் கட்டுவதற்காக ஜெர்மனியில் நடந்த பலன் விற்பனைதான் 1517இல் லூத்தரைக் கிளப்பிவிட்டது. 1567இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர், காசு கொடுத்துப் பெறும் பலன்கள் அனைத்தையும் ரத்து செய்தார். இன்று பலனுக்கு யாரும் விலை வைப்பதில்லை. ஆனாலும் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரங்களில் இறந்தோர் பெயர்ப் பட்டியலோடு காணிக்கையும் வைத்து மூடிய கவர்கள் பங்கு அலுவலகத்தில் குவிகின்றன. அது பூசைக் காணிக்கை, பலனோடு சம்பந்தமில்லாதது. பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 947 சொல்கிறது. கவருக்கும் பலனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பீடத்திலிருந்து ஒரு நிமிடம் விளக்கினால் பாதிக் குழப்பம் தீரும். பலருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. இலவசமானதைப் பற்றி யார் அறிவிப்பு செய்வார்கள்!

பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக வேண்டுதல் என்று பரிபூரண பலனுக்கு உள்ள மூன்று நிபந்தனைகளையும் ஓரளவு எல்லாரும் அறிவார்கள். நான்காவது, அற்பப் பாவம் உட்பட எந்தப் பாவத்தின் மேலும் மனப்பற்று இல்லாதிருப்பது. இது யாருக்குத்தான் முடியும், ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. இந்தச் சடங்கை வெறும் பூவும் மெழுகும் ஆகிவிடாமல் காப்பது அது ஒன்றுதான். அதோடு, தமிழ்நாட்டுக் கல்லறைகள் தோற்கும் இடமும் அதுவே.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைப் பிரித்து நின்ற சுவரை நாடே அறியும். அதை இடிக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்தன. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல் இந்திய ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குள் சாதி கிடையாது என்று மறைக்கல்வியில் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய எலும்புகளுக்கு நடுவே சுவர் வைத்தால் நான்காவது நிபந்தனை என்னவாகிறது?

பதில் பலன்களின் விதிகளிலேயே இருக்கிறது. அந்த மனநிலை குறைவுபட்டால் கிடைப்பது பரிபூரண பலன் அல்ல, குறைப் பலன் மட்டுமே. அப்படியானால் சாதிப் பற்றோடு சுவருக்கு இந்தப் பக்கம் மெழுகுவத்தி ஏற்றுகிறவர், தன் தாய்க்கு முழுசாகச் சேர வேண்டியதைத் தானே குறைத்து அனுப்புகிறார். நவம்பர் 1 திருப்பலி மறையுரையில் இதைச் சொல்ல எந்தச் சாமியாரும் வத்திக்கானின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.