கால் நகராமல் பழகும் பட்டறை

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புதிதாக நுழையும் அப்ரண்டிஸ், மெஷினைக் கற்பதற்கு முன்பே கற்க வேண்டியது இடம். ஃபோர்க்லிஃப்ட் எந்த வழியில் வரும், மெயின் சுவிட்ச் எந்தச் சுவரில், தீப்பிடித்தால் எந்த ஷட்டர் பக்கம். சீனியர் பின்னாலேயே அலைந்தால் இது தானாக வந்துவிடும். இந்த அலைச்சலையும் விஆர் ஹெட்செட்டுக்குள் அடக்கிவிடலாம் என்பது பயிற்சிக் கருவி விற்பவர்களின் பேச்சு. அதில் பாதிதான் சரி.

வெல்டிங் பழக விஆர் நல்ல கருவி. நின்ற இடத்திலேயே டார்ச்சின் சாய்வும் கை ஓடும் வேகமும் படிய வேண்டிய வேலை அது. தகடு வீணாகாது, ஆர்க் அடித்துக் கண் எரியாது, கோணலாகப் போன வெல்டை அழித்துவிட்டு மறுபடி போடலாம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டி-90 டாங்கியை எடுத்துக்கொண்டாலும் இதே கணக்குதான். ஓட்டுநர் உட்கார்ந்தபடி இரண்டு நெம்புகோல்களை இழுத்தே வண்டியைத் திருப்புகிறார். அவருடைய சிமுலேட்டரில் இருக்கை குலுங்கினால் போதும், நடக்க வேண்டியதில்லை.

ஷெட்டைச் சுற்றிக் காட்டும்போதுதான் சிக்கல். பயிற்சி அறை பத்தடிக்குப் பத்தடி. ஹெட்செட்டுக்குள் இருக்கும் ஷெட்டோ நூறடி. ஜாய்ஸ்டிக்கால் நகர்ந்தால், ஓடுகிறோம் என்று கண் சொல்ல, நிற்கிறோம் என்று உள்காது மறுக்க, பலருக்குக் குமட்டும். அதனால் டெலிபோர்ட். கன்ட்ரோலரை நீட்டினால் வளைந்த கோடு ஒன்று பாய்கிறது, தரையில் ஒரு வட்டம் விழுகிறது, பட்டனை விட்டதும் திரை ஒரு கணம் இருண்டு, ஆள் லேத் முன்னால் நிற்கிறார். வயிறு தப்பித்தது. டெமோவில் யாரும் ஹெட்செட்டைக் கழற்றி வைப்பதில்லை என்பதால் விற்பவருக்கும் நிம்மதி. நடுவில் கடந்த தூரம் மட்டும் மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

2020-இல் வெளியான ஓர் ஆய்வில், முக்கோணப் பாதையின் இரண்டு பக்கங்களைக் கடந்தபின் புறப்பட்ட இடத்தைக் காட்டச் சொன்னார்கள். நடந்தவர்களின் பிழை குறைவு. டெலிபோர்ட்டில் தாவியவர்களுக்கு அதிகம். திரும்புவதையும் பட்டனிடமே விட்டபோது மிக அதிகம். இதைவிட என்னை யோசிக்க வைப்பது ரட்ல், லெசல்ஸ் இருவரும் 2006-இல் செய்த சோதனை. மாய அறைக்குள் பொருள்களைத் தேடியவர்களில், நிஜமாகவே நடந்தவர்கள் காட்சி எவ்வளவு மொட்டையாக இருந்தாலும் ஏறத்தாழப் பிழையின்றித் தேடினார்கள். உடம்பை மட்டும் திருப்பியவர்கள் பார்த்த இடத்தையே மறுபடி பார்த்தார்கள். கிராஃபிக்ஸுக்குக் கொட்டும் பணம் காலுக்கு ஈடாகவில்லை.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. இயல்பற்ற முறையில் நகரும்போது, இடத்தை மனதில் வைத்திருக்கும் தற்காலிக நினைவில் ஒரு பங்கை நகர்வதே தின்றுவிடுகிறது. பாடத்துக்கு மிச்சமிருப்பதுதான் கிடைக்கும். ‘அங்கேயே இருந்த மாதிரி இருந்தது சார்’ என்று பையன் பூரித்துப் போவது தேர்ச்சிக்குச் சாட்சி ஆகாது. அறிவியல் ஆய்வகப் பாடத்தை ஹெட்செட்டில் படித்தவர்களுக்கு அந்த உணர்வு கூடியும், சாதாரணத் திரையில் படித்தவர்களைவிடக் கற்றது குறைந்திருந்ததை மக்ரான்ஸ்கி குழு 2019-இல் காட்டியது.

அதற்காக டெலிபோர்ட்டை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு நடந்தால்தான் பாடம் என்பது அநியாயம். இயந்திரத்தின் பாகங்களை மட்டும் பார்க்க வேண்டிய வகுப்பில் இடையிலுள்ள தூரம் வெறும் நேரவிரயம்.

நடப்பவரை அவருக்கே தெரியாமல் வளைத்துச் சிற்றறைக்குள் சுற்றவிடும் உத்தியும் உண்டு. ஆனால் வளைவது தெரியாமலிருக்க ஏறத்தாழ 22 மீட்டர் ஆரம் வேண்டும் என்று ஒரு கணக்கு. அவ்வளவு இடம் அம்பத்தூரில் காலியாகக் கிடந்தால் அங்கே முதலில் சிஎன்சி மெஷின்தான் இறங்கும்.

ஆகவே வெல்டிங்குக்கு ஹெட்செட் வாங்கட்டும். தீப்பிடித்தால் வெளியேறும் பயிற்சியை அதோடு சேர்த்து விற்க வந்தால் வேண்டாம் எனலாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் புதியவர்களை ஷட்டர் வரைக்கும் இரண்டு முறை நடத்திக் கூட்டிப்போக ஒரு சூப்பர்வைசர் போதும்.