பெயரை விற்காத பாடகர்

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. பெயரில்தான் மானம் இருக்கிறது என்று காட்டினர் மூன்று கறுப்பின உடன்பிறப்புகள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி ஆகியோரே அவர்கள். அவர்தம் இசைக்குழுவின் பெயர் ‘டெத்’. தமிழில் சொன்னால், சாவு!

1975ஆம் ஆண்டு ஒலிப்பதிவுக்கூடத்தில் ஏழு பாடல்களைப் பதிந்தனர். கறுப்பர் என்றால் மோட்டவுன் பாணியில்தான் பாடவேண்டும் என எதிர்பார்த்தது ஊர். இவர்களோ இடியென முழங்கும் ராக் இசையைக் கையிலெடுத்தனர். ‘பங்க்’ இசையின் முன்னோடி எனப் போற்றப்படும் ரமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது 1976இல். அதற்கு முந்திய ஆண்டே அந்த வேகம் இவர்களிடம் இருந்தது!

இசைத்தட்டு வணிகத்தின் பெரும்புள்ளி கிளைவ் டேவிஸ் இசையை விரும்பினார், பெயரை வெறுத்தார். மாற்றினால் வாய்ப்பு என்றார். டேவிட் மறுத்தார். வாய்ப்புப் போயிற்று, பெயர் நின்றது. 1976இல் தாமே 500 தட்டுகள் வெளியிட்டனர், கேட்பாரில்லை. 2000இல் டேவிட் மறைந்தார். பரணில் கிடந்த ஒலிநாடாக்களை டிராக் சிட்டி நிறுவனம் 2009இல் வெளியிட்டது. 34 ஆண்டு உறக்கம்!

இசை எப்படி? அரசியல்வாதிகளைச் சாடும் பாடலே இவர்களின் சிகரம்.  மூன்று கருவிகளும் ஒன்றாய்ப் பாய்கின்றன. வியட்நாம் போருக்கு இளைஞரை அனுப்பிவிட்டு மாளிகையில் அமர்ந்தோர்மீது அச்சீற்றம். 2011இல் வெளிவந்த வீட்டுப் பயிற்சிப் பதிவுகள் இன்னும் கரடுமுரடானவை. மெருகில்லை, பொய்யுமில்லை.

குறையும் உண்டு. சில பாடல்களில் ஆத்திரம் இருக்கிறது. எதன்மீது என்ற தெளிவு இல்லை. விபத்தில் தந்தையை இழந்த டேவிட், சாவை ஆன்மிகப் பயணமாகக் கண்டு இப்பெயரைச் சூட்டினார். பகுத்தறிவாளராகிய நமக்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும், தாம் சூட்டிய பெயரைப் பணத்துக்கு விற்காத நெஞ்சுரத்தை நாம் வணங்கத்தான் வேண்டும். 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது தன்மானம். சொந்தப் பெயரைத் துறக்க மறுத்ததும் அதே தன்மானந்தான்!

நம் நாட்டைப் பாருங்கள் தோழர்களே! பறையை எப்படி ஒதுக்கினர்? ‘சாவு மேளம்’ என்றுதானே! அந்தப் பறையைக் கிட்டாரோடு ஒரே மேடையில் நிமிர்ந்து நிற்கச் செய்தது, 2018 சனவரியில் சென்னையில் முழங்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு. சாதியற்றோர் என்ற அப்பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையில் வேர் கொண்டது.

சேர்வராயன் மலையில் பாடம் சொல்லும் நாம், தன் பாட்டனார் பறையடிப்பவர் என்று சொல்லக் கூசும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் மூத்தோர் நினைவில் வாழும் பாட்டுகள், காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்களின் பாட்டுகள், இவற்றுக்குப் பரண் ஏது? ஒலிநாடா ஏது? பாடுவோர் மறைந்தால் பாட்டும் மறையும்.

ஹாக்னி உடன்பிறப்புகளுக்குக் கிட்டாத கருவி, இன்று நம் சட்டைப்பையில் கைப்பேசியாய்க் கிடக்கிறது. விடுமுறையில் ஒரு முதியவரை அணுகுங்கள். அவர் இசைந்தால் பாட்டைப் பதியுங்கள். பாடியவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் குறியுங்கள். கரடுமுரடாக இருக்கட்டும், மெருகு பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் மாற்றாதீர்கள்!